முடிவு தெரிந்த கதையை எழுதுதல்

திண்டுக்கல் பேருந்து நிலையத்திலிருந்து நடந்துபோகும் தொலைவில், எண்பதுகளில் ஒரு வாடகை நூல் நிலையம் இருந்தது. ஒற்றை அறை. அதற்கு முன்னால் அங்கே பூட்டுப் பட்டறை இருந்ததாம்; மழைக்காலத்தில் புத்தகங்களின் நடுவே இரும்பும் எண்ணெயும் கலந்த ஒரு வாடை எழும். நுழைந்ததும் இடப்பக்கம் துப்பறியும் நாவல்கள், வலப்பக்கம் குடும்ப நாவல்கள். என் அம்மா வாரத்துக்கு இருமுறை வலப்பக்கத்துக்குப் போய்வருவாள். லக்ஷ்மி, அநுத்தமா, ரமணிசந்திரன், அனுராதா ரமணன். ஒவ்வொரு புத்தகத்தின் கடைசிப் பக்க மூலையிலும் பென்சிலால் இட்ட சிறு குறிகள் வரிசையாக இருக்கும். ஒரு புள்ளி, ஒரு பிறை, ஒரு 'க', ஒரு கூட்டல் குறி. அம்மாவுடையது முக்கோணம். படித்த புத்தகத்தையே மறுபடியும் காசு கொடுத்து எடுத்துவிடாமல் இருக்க ஊர்ப் பெண்கள் கண்டுபிடித்த வழி அது.

கல்லூரியில் சேர்ந்து, சிற்றிதழ்கள் பழக்கமாகி, கொஞ்சம் தலைக்கனமும் ஏறியிருந்த பருவத்தில் அந்தக் குறிகள் எனக்கு நல்ல நகைச்சுவையாகப் பட்டன. "படித்தோமா இல்லையா என்றே நினைவில்லாத புத்தகத்தை எதற்கம்மா படிக்கிறாய்?" என்று ஒருநாள் கேட்டேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். "நீ தெனமும் சோறு திங்கிற. நேத்துத் தின்ன மாதிரியே இருக்குன்னு வேணாம்னுட்டியா?" என்றாள். பதில் தோன்றாமல் புதுமைப்பித்தனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டேன்.

காதல் நாவல் எழுதுகிறவர்கள் எப்படி எழுதுகிறார்கள் என்ற கேள்வியை நம் இலக்கிய உலகம் கேட்டதில்லை. எவ்வளவு எழுதினார்கள் என்று மட்டும் கேட்டிருக்கிறது, அதையும் ஒரு குற்றச்சாட்டைப் போல. ஓர் ஆண்டில் ஐந்து நாவலா? அப்படியென்றால் அது எழுத்தாக இருக்க முடியாது என்று தீர்ப்பு முடிந்துவிடுகிறது. இந்தத் தீர்ப்பை நானும் பல ஆண்டுகள் சொல்லிக்கொண்டு திரிந்தவன். இன்று அது எனக்கு ஒப்பவில்லை. ஏன் ஒப்பவில்லை என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

அம்மா மறைந்தபின் வீட்டைக் காலி செய்தபோது, அவள் வார இதழ்களிலிருந்து கத்தரித்துச் சேர்த்து, மேற்கு ரத வீதிப் பக்கம் கொடுத்துத் துணிமுதுகு வைத்துக் கட்டிய தொடர்கதைத் தொகுதிகள் பதினொன்றைப் பழைய பேப்பர்காரரிடம் நானே எடைக்குப் போட்டேன். அடுத்த வீட்டு அக்கா இரவல் வாங்கியிருந்த ஒன்று மட்டும் தப்பித்தது. சில ஆண்டுகள் கழித்து அது என் கைக்கு வந்தது. லக்ஷ்மியின் தொடர் ஒன்று.

அச்சான புத்தகம் மறைத்துவிடுகிற ஒன்றை இப்படிக் கட்டிய தொகுதி காட்டிக்கொடுக்கும். அதில் தையல் தெரியும். அத்தியாயத்தின் பின்பக்கத்தில் கூந்தல் தைல விளம்பரத்தின் பாதி, ஒரு துணுக்கின் கடைசி வரி, ராசிபலனில் விருச்சிகம் வரை. ஒவ்வொரு வாரமும் ஏறக்குறைய அதே அளவு. ஒவ்வொரு வாரத்தின் கடைசிப் பத்தியிலும் ஒரு கடிதம், ஒரு கதவு தட்டல், அல்லது ஒரு மயக்கம். நடுவில் இரண்டு வாரங்கள் எழுத்து சுருங்கி, ஓவியம் பெருத்திருக்கிறது. அந்த வாரம் எழுதியவருக்குக் காய்ச்சலாக இருக்கலாம், வீட்டில் விருந்தாளிகள் வந்திருக்கலாம். ஓவியர் கைகொடுத்துத் தாங்கியிருக்கிறார். அடுத்த வாரம் கதை மூச்சுப் பிடித்துக்கொண்டு ஓடுகிறது. காத்திருத்தல், ஊக்கம், தரிசனம் என்று நாம் பேசுகிற எதுவும் அங்கே கிடையாது. வெள்ளிக்கிழமை படி போய்ச் சேரவேண்டும், அவ்வளவுதான்.

லக்ஷ்மி என்ற டாக்டர் திரிபுரசுந்தரி (1921–1987) எழுதத் தொடங்கியதே கட்டணம் கட்டுவதற்காக. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது உலகப்போர் வந்தது. வீட்டிலிருந்து பணம் வருவது தடைப்பட்டது. ஆனந்த விகடன் வாசனைப் பார்த்து, எழுதிச் சம்பாதிக்க வழி கேட்டார். பிணவறைப் பாடத்துக்கும் வார்டுக்கும் நடுவே கதை எழுதினார். மருத்துவர் ஆனபின்னும் விடவில்லை. 1955இல் தென்னாப்பிரிக்கா போய் 1977இல் திரும்பினார். நூற்றுக்கு மேற்பட்ட நாவல்கள் சேர்ந்திருந்தன. 1984இல் 'ஒரு காவிரியைப் போல' நாவலுக்குச் சாகித்திய அகாதெமி பரிசு கிடைத்தபோது சிற்றிதழ் வட்டாரம் முகம் சுளித்தது. சுளிக்கக் காரணங்கள் உண்டுதான். ஆனால் நோயாளிகளைப் பார்த்துவிட்டு வந்து, தூக்கம் வருவதற்குள் மூன்று பக்கம் எழுதி முடிக்கிற கையின் பழக்கம் என்ன மாதிரியான உரைநடையை உண்டாக்கும் என்று ஒருவரும் பார்க்கவில்லை. குறுகிய வாக்கியம், உடனே பேச்சு, இடவருணனை இரண்டே வரி. மருந்துச் சீட்டு எழுதுகிற கை அது.

இன்னும் முன்னால் போனால் வை.மு. கோதைநாயகி. 1901இல் பிறந்தவர், ஆறு வயதுக்குள் மணமானவர். முதல் நாடகமான 'இந்திர மோகனா'வை அவர் எழுதவில்லை, சொன்னார். சரளமாக எழுத அப்போது கைவராததால், தோழி பட்டம்மாள் கேட்டு எழுதினார். அந்தத் தோழியிடமே எழுதப் பழகி, 1925இல் 'ஜகன்மோகினி'யைத் தன் கைக்குக் கொண்டுவந்து, 115 நாவல்கள் எழுதி முடித்தார். அதே 1901இல் இங்கிலாந்தில் பிறந்த பார்பரா கார்ட்லேண்டும் சொல்லித்தான் எழுதினார். சோபாவில் படுத்து, காலுக்கு வெந்நீர்ப்பை, பக்கத்தில் நாய், பின்னால் சுருக்கெழுத்துச் செயலாளர். மதிய உணவுக்குப் பின் ஓர் அத்தியாயம். எழுநூறுக்கு மேற்பட்ட புத்தகங்கள் அப்படி வந்தன. ஒருவர் வசதியினால் சொன்னார், ஒருவர் வசதியின்மையால் சொன்னார். இரண்டு பேருக்கும் வாய்த்த ஒன்று, எதிரே உட்கார்ந்து கேட்கிற ஒரு பெண். கதை சலித்தால் பேனா பிடித்தவளின் முகத்திலேயே தெரிந்துவிடும். கோதைநாயகியின் நாவல்களில் காணும் பேச்சோட்டம் பட்டம்மாளின் முகத்தைப் பார்த்து வந்தது என்றே நான் நினைக்கிறேன்.

இப்படிக் கணக்கு வைத்து எழுதுவது பெண்களின் குறை என்று யாரும் சொல்லிவிட வேண்டாம். ஆந்தனி டிராலப் அஞ்சல் துறை வேலைக்குப் போகும் முன், விடியற்காலையில் கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு கால் மணிக்கு 250 சொற்கள் என்று எழுதினார். அவர் இறந்தபின் 1883இல் வெளிவந்த தன்வரலாற்றில் இதை ஒளிவில்லாமல் சொன்னதால் அவருடைய மதிப்பே சரிந்தது. நாவல் மோசம் என்பதற்காக அல்ல, கடிகாரத்துக்காக. எழுத்தாளன் பித்தேறியவனாக இருக்கவேண்டும் என்ற ஆசை வாசகனுக்கு எல்லா நாட்டிலும் இருக்கிறது.

எங்கள் ஊர்ப்பக்கம் இந்த வழக்கில் ஒரு கட்சிக்காரர் போன்றது. திண்டுக்கல்லிலிருந்து மேற்கே சமவெளி முடிந்து கொடைக்கானல் மலை எழும்பும் இடத்தில் வத்தலக்குண்டு. பி.எஸ். ராமையா அந்த ஊர், சி.சு. செல்லப்பா வளர்ந்தது அந்த ஊர். 1959 தொடங்கி 1970 வரை 119 இதழ்கள் 'எழுத்து' நடத்தி, புத்தகங்களைப் பையில் சுமந்து கல்லூரி கல்லூரியாக விற்ற செல்லப்பாவுக்கு, வார இதழ்த் தொடர்கதை என்பது இலக்கியத்துக்கு எதிர்ப்பக்கம். அவர் கோபம் நேர்மையானது; அதற்கு அவர் தன் வாழ்வையே விலையாகக் கொடுத்தார். ஆனாலும் ஒரு சிறு வேடிக்கை உண்டு. அவர் முழுப் புத்தகம் எழுதி உத்தி உத்தியாக அலசியது ராமையாவின் சிறுகதைகளை. அந்த ராமையா பத்திரிகை, மேடை, சினிமா எதற்கும் எழுத மறுக்காதவர். காதல் பிழைத்துப்போன ஒரு போலீஸ்காரன் மகளின் கதையை நாடகமாக்கி, அது 1962இல் ஸ்ரீதர் படமாகவும் ஆனது. பிழைப்புக்கு எழுதுகிறவனின் உத்தியையும் அலசலாம் என்பதற்கு முன்மாதிரி இருந்தது. வலப்பக்க அலமாரிவரை அது வந்து சேரவில்லை.

வந்திருந்தால் என்ன கண்டிருக்கும்?

காதல் நாவலில் முடிவு முதல் பக்கத்திலேயே வாசகிக்குத் தெரியும். உயரமான அவனும் நிமிர்ந்த அவளும் சேரப்போகிறார்கள். ஆகவே எழுதுகிறவரின் உழைப்பு முடிவில் இல்லை, தாமதத்தில் இருக்கிறது. சேரவேண்டிய இருவரை இருநூறு பக்கம் சேரவிடாமல் வைக்கவேண்டும். அதற்காக இருவரில் ஒருவரையும் கெட்டவராக்கவும் கூடாது. தடையைக் கண்டுபிடிப்பதுதான் அங்கே படைப்பு. மற்றதெல்லாம் புடவை நிறம்.

நமக்கு இது புதிதன்று. அகப்பாடலில் பெயர் சொல்லக்கூடாது, நிலமும் பொழுதும் வரையறுத்தது, தோழி, செவிலி, பாங்கன் என்று பாத்திரங்களும் முன்பே தயார். களவு கற்பில் முடியும் என்பது கேட்பவருக்குத் தெரியும். புலவன் செய்வது தடையை எடுத்துக்கொண்டு அதன் ஒரு கணத்தைப் பிடிப்பது. இற்செறிப்பு, அலர், நொதுமலர் வரைவு, பொருள்வயிற் பிரிவு. வீட்டுக்காவல், ஊர்வாய், அமெரிக்க மாப்பிள்ளையின் ஜாதகம், துபாய் வேலை என்று வாடகை நூல் நிலையத்தில் மொழிபெயர்த்துக்கொள்ளலாம். குறுந்தொகையையும் குடும்ப நாவலையும் ஒரே தட்டில் வைக்கிறேன் என்று அடிக்க வராதீர்கள், வைக்கவில்லை. வாய்பாடு இருப்பது மட்டுமே குற்றம் ஆகாது என்றுதான் சொல்கிறேன்.

அலர் என்று சொன்னேன். வத்தலக்குண்டில் 1872இல் பிறந்த பி.ஆர். ராஜம் ஐயர் இருபத்தொரு வயதில் 'விவேக சிந்தாமணி' மாத இதழில் தொடர்கதையாக எழுதத் தொடங்கியதுதான் 'கமலாம்பாள் சரித்திரம்'. 1893இல் ஆரம்பித்து 1896இல் நூலானது. தமிழின் முதல் தொடர்கதைக்காரர்களில் ஒருவர் எங்கள் மாவட்டத்துக்காரர் என்பதை இந்த இடத்தில் கொஞ்சம் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன். நாவலின் தலைப்பிலேயே தடை நிற்கிறது: 'ஆபத்துக்கிடமான அபவாதம்'. ஊர்ப்பெண்கள் கூடும் வம்பர் மகாசபை கிளப்பிவிட்ட பேச்சு ஒரு நல்ல மனிதரைத் தன் மனைவியின்மேலேயே ஐயம்கொள்ளச் செய்து வீட்டைவிட்டு வெளியேற்றுகிறது. பக்கத்திலேயே சீனிவாசன், லக்ஷ்மி என்ற இளஞ்சோடி. பாலிய விவாகம் என்ற சட்டத்துக்குள் ஆங்கில நாவலின் காதலை நுழைத்துப் பார்க்கிறார். சென்னையில் உட்கார்ந்து, மதுரைச் சீமைக் கிராமத்தின் ஆற்றங்கரைப் பேச்சை மாதம் ஒருமுறை காதில் வரவழைத்து எழுதியிருக்கிறார். இருபத்தாறு வயதில், 1898இல், போய்விட்டார்.

ரமணிசந்திரனுக்கு வருகிறேன். 1938இல் பிறந்த இவர் எழுதிய நாவல்கள் நூற்றைம்பதுக்கு மேல். அருணோதயம் வெளியிட்ட அந்தப் புத்தகங்கள் இல்லாத வாடகை நூல் நிலையத்தை நான் பார்த்ததில்லை. 2008இல் பிளாஃப்ட் பதிப்பகம் கொண்டுவந்த ஆங்கிலத் தொகுப்பிலும் சேர்க்கப்பட்டார், துப்பறிவாளர்களும் பேய்களும் சூழ. அவருடைய பதினைந்து நாவல்களை அண்மையில் ஒரே மூச்சில் படித்தேன். தடையை அவர் வைத்திருக்கும் இடம் கவனிக்கத்தக்கது. வில்லன் அரிதாகவே உண்டு. வந்தாலும் ஓர் அசட்டு அத்தை, ஒரு பொறாமைக்காரத் தோழி. உண்மையான தடை அந்த இருவரின் தலைக்குள் இருக்கிறது. பணத்துக்காக வந்தவள் என்று அவன் நினைக்கிறான். பெண்களை மதிக்காதவன் என்று அவள் நினைக்கிறாள். ஊர்வாயில் இருந்த அபவாதம் மனத்துக்குள் குடியேறிவிட்டது.

இதன் தொழில்நுட்பச் சிக்கலை எண்ணிப்பாருங்கள். ஒரே ஒரு வாக்கியம் பேசினால் கதை தீர்ந்துவிடும். இருபது அத்தியாயம் அந்த வாக்கியத்தை யாரும் பேசாமல் பார்த்துக்கொள்ளவேண்டும்; படிப்பவள் "சொல்லித் தொலையேண்டி" என்று புத்தகத்தை வீசிவிடவும் கூடாது. சாதாரண எழுத்தாளர் அந்த நேரத்தில் தொலைபேசியை ஒலிக்கச் செய்வார், பேருந்தைக் கவிழ்ப்பார். ரமணிசந்திரனும் சில இடங்களில் அப்படிச் செய்து தப்பித்திருக்கிறார். ஆனால் நல்ல நாவல்களில் அவர் எடுத்துக்கொள்ளும் கருவி தன்மானம். அவள் விளக்கம் சொல்லமாட்டாள். விளக்கம் கேட்கும் உரிமையையே அவனுக்குக் கொடுக்கமாட்டாள். தவறாக நினைத்தவன்தான் தானே வந்து திருத்திக்கொள்ளவேண்டும். அதுவரை அவள் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

இந்த இடத்தில்தான் எனக்கு முக்கோணக் குறி விளங்கியது. எங்கள் வீட்டில் அம்மா எல்லாவற்றுக்கும் விளக்கம் சொல்லியாகவேண்டும். காய்கறிக்குக் கொடுத்த இரண்டு ரூபாய்க்கு, நாகல் நகரில் சித்தி வீட்டில் கூடுதலாக இருந்த அரை மணிக்கு, பால் பொங்கிப்போனதற்கு. அப்பா கொடியவர் அல்லர், கேட்பார், அவ்வளவுதான். அப்பத்தாவும் கேட்பாள். நானும் கேட்டிருக்கிறேன், எதற்கம்மா படிக்கிறாய் என்று. விளக்கம் சொல்லாமல் நிமிர்ந்து நிற்கிற ஒரு பெண்ணை, இறுதியில் அவளே சரி என்று ஆகிவிடுகிற ஒருத்தியை, வாரத்துக்கு இருமுறை போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். அது நேற்றையதைப் போலவே இருந்ததில் அவளுக்கு என்ன குறை?

சரி, இத்தனை சொன்னபின் என் மனக்குறையையும் சொல்லவேண்டும். அது வாய்பாட்டைப் பற்றியதன்று, விட்டுவிட்டதைப் பற்றியது. நான் படித்த அந்தப் பதினைந்து நாவல்களில் சாதி என்ற தடை ஒன்றில்கூட இல்லை. நாயகனுக்குத் தோட்டம் உண்டு, தொழிற்சாலை உண்டு, கார் உண்டு, சாதி கிடையாது. ஏழை பணக்காரன் என்ற பள்ளம் எளிதில் தாண்டப்படுகிறது, ஏனென்றால் அதன் அடியில் இருக்கும் பள்ளம் பக்கத்திலேயே வருவதில்லை. இது மறதி அல்ல, எழுதும் முறையின் ஒரு பகுதி. மேசைமேல் தடைகளைப் பரப்பி வைத்து ஒன்றை எடுக்கும்போது, ஒன்றை மட்டும் எப்போதும் தொடாமல் விடுவதும் ஒரு பழக்கம்தான். எல்லா வீட்டுக்குள்ளும் போகவேண்டிய புத்தகம் அது. எந்த வீட்டிலும் சுருக்கென்று தைக்கக்கூடாது. அகப்பாடலில் பெயர் சொல்லாத மரபு காதலை எல்லாருக்கும் உரியதாக்கியது. இங்கே பெயர் சொல்லாதது அதையே செய்வதுபோலத் தோன்றும். ஆனால் எங்கள் சமவெளியில் காதலித்தவர்களுக்கு உண்மையில் எது குறுக்கே நின்றதோ அதைப் பார்க்காமல் இருக்கவும் அது உதவுகிறது. 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில் நடுத்தெருவில் சங்கர் வெட்டிக் கொல்லப்பட்டார். அவர் மணந்த பெண்ணின் ஊர் பழனி, எங்கள் மாவட்டம். அன்று இரவு தொலைக்காட்சியில் ஓடிய அந்தக் காட்சியைப் பார்த்தவர்களில் எத்தனை பேர் காதல் நாவல் வாசகிகளாக இருந்திருப்பார்கள் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். தீவிர இலக்கியம் இதை எழுதிவிட்டது என்று நாம் மார்தட்டலாம். எழுதியதுதான், வலப்பக்க அலமாரிக்கு அது போகவில்லையே.

வாடகை நூல் நிலையம் இருந்த இடத்தில் இப்போது கைப்பேசி உறைகள் விற்கிறார்கள். காதல் நாவல் கைப்பேசிக்குள்ளேயே போய்விட்டது. வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூற்பாலை அலுவலகத்தில் கணக்கு எழுதும் உறவுக்காரப் பெண் ஒருத்தி, புனைபெயரில் இணையத்தில் தொடர்கதை எழுதுகிறாள். வேலை முடிந்து வரும் பேருந்தில் முக்கால் அத்தியாயம், எல்லாரும் தூங்கியபின் மீதி. தட்டச்சு செய்வதெல்லாம் கட்டைவிரலால். காலையில் எழுந்ததும் நாற்பது ஐம்பது பின்னூட்டங்கள் இருக்குமாம். கோதைநாயகிக்கு ஒரு பட்டம்மாள், இவளுக்கு ஐம்பது.

சென்ற பொங்கலுக்கு வந்திருந்தபோது, இந்தக் கட்டுரைக்காக யோசித்துக்கொண்டிருந்த கேள்வியை அவளிடம் கேட்டேன். உன் கதையில் தடை என்ன?

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு கைப்பேசியில் தேடி, வெளியிடாத ஓர் அத்தியாயத்தை எடுத்துக் கொடுத்தாள். இரண்டு தெருக்கள், நடுவில் ஒரு கோயில், தேர் எந்தத் தெருவில் திரும்பும், எந்தத் தெருவில் திரும்பாது. எல்லாம் வெளிப்படையாக எழுதியிருந்தாள். நான் படித்த அவளுடைய எழுத்தில் மிகச் சிறந்தது அதுவே. ஏன் இதைப் போடவில்லை என்றேன்.

"அப்பா படிக்கிறார் மாமா. புனைபெயர் அவருக்குத் தெரிஞ்சுபோச்சு."

"அப்ப அந்த எடத்துல என்ன வச்ச?"

"அவனுக்குக் கனடாவுல வேலை கெடைச்சிருச்சு" என்றாள். அத்தியாயத்தை அழித்துவிட்டாயா என்று நான் கேட்பதற்குள் அவளே சொன்னாள், "அழிக்கல. தனியா வச்சிருக்கேன்."